எண்ணி வந்தவை, எடைக்குப் போனவை

அந்தத் தொலைபேசி அழைப்பு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்தது. "மேடம், உங்கள் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் என்னிடம் இருக்கிறது" என்று தொடங்கினார் அந்த மனிதர். மிரட்டிப் பணம் கேட்கப் போகிறார் என்று நினைத்துக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "யார் பேசுவது?" என்றேன். அவரோ என்னைவிட அதிகம் பயந்திருந்தார். குழந்தைகளின் புகைப்படங்களைச் சேர்த்து வைப்பதற்காக, ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கியிருக்கிறார். தொலைந்த படங்களைத் தேடியெடுக்க அவரிடம் ஓர் இலவச மென்பொருள் இருந்தது. அதைப் பழைய டிஸ்கில் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு புதிதாக வாங்கியதில் ஓட்டிவிட்டார். படங்களுக்குப் பதிலாக எழுந்து வந்தவை எங்கள் கணக்குப் பிரிவின் கோப்புகள். அவற்றுள் ஒரு கடிதத்தின் தலைப்பில் எங்கள் தொலைபேசி எண் இருந்திருக்கிறது.

"இதை அழித்துவிடட்டுமா, கொண்டுவந்து கொடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கப் படிக்க, கையில் கிடைத்த கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் இருப்புப் பதிவேட்டைத் திறந்து தேடினால், எண் இருந்தது. கணக்குப் பிரிவு, மூன்றாவது மேசை, டெஸ்க்டாப் கணினி. அதற்கு நேரே கடைசிக் கட்டத்தில் "அழிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் பதினாறு ஆண்டுகளாக என் வேலை. பெரிய நிறுவனம் ஒன்றுமில்லை, நூற்றுச் சொச்சம் பேர். புதுக் கணினி வந்தால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எண்ணைக் குறித்துக்கொள்வோம். எவ்வளவு நினைவகம், எந்த நாளில் வாங்கியது, எதுவரை உத்தரவாதம், யார் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டார் என்று எல்லாம் பதிவேட்டில் ஏறும். மவுஸ் ஒன்று காணாமற்போனால்கூட விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்பிய நாள்கள் உண்டு. அப்படி ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே வந்த பொருள்கள், வெளியே போகும்போது எப்படிப் போயின தெரியுமா? எடைக்குப் போயின.

"புத்தக மதிப்பு பூஜ்யம் அம்மா. எடைக்குப் போட்டுவிட்டால் அறையாவது காலியாகும்" என்றார் எங்கள் கணக்குப் பிரிவின் மூத்தவர். தேய்மானத்தைக் கழித்துக் கழித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான், ஆகவே சொல்ல உரிமை உண்டு. எனக்கும் அந்த அறை வேண்டியிருந்தது. கதவைத் திறந்தாலே விசைப்பலகை ஒன்று காலில் விழும் அளவுக்குச் சாமான் சேர்ந்திருந்தது. ஒருவரைக் கூப்பிட்டோம். லாரியோடு வந்தார். அவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "எப்போது எடுத்துக்கொண்டு போவீர்கள்?" என்பதுதான். மானிட்டர்களை அவருடைய ஆட்கள் தேங்காய் மூட்டை போல வீசி ஏற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நாள் கழித்து ஒரு சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், ஓரத்தில் பச்சை இலை வரைந்த சின்னம், வட்ட முத்திரை. "1,140 கிலோ மின்னணுக் கழிவு பெறப்பட்டு, சுற்றுச்சூழலுக்குப் பாதுகாப்பான முறையில் அழிக்கப்பட்டது." அவ்வளவுதான். அந்த 1,140 கிலோவை நம்பி, பதிவேட்டில் 83 வரிகளுக்கு நேரே "அழிக்கப்பட்டது" என்று எழுதினேன். எடையைச் சொன்ன சான்றிதழை வைத்துக்கொண்டு எண்களுக்கு ஈமக்கடன் செய்தவள் நான்.

அழைத்தவர் மறுநாளே டிஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தார். வேறொரு புது டிஸ்க் வாங்கிக் கொடுத்தோம், அதையும் கூச்சத்தோடுதான் வாங்கிக்கொண்டார். அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மற்ற 82 எண்களும் யாரிடம் போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த டிஸ்கை நானே பரிசோதித்தேன். யாரோ அதை விரைவு முறையில் ஃபார்மட் செய்திருந்தார்கள். இதைப் பலரும் அழித்தல் என்றே நினைக்கிறார்கள். நூலகத்தின் அட்டவணையைக் கிழித்துப் போட்டால் புத்தகங்கள் எரிந்துவிடுமா? எந்த அடுக்கில் எது இருக்கிறது என்பது மட்டும் மறந்துபோகும், புத்தகங்கள் அடுக்கிலேயே இருக்கும். மீட்பு மென்பொருள் ஒவ்வோர் அடுக்காக நடந்து பார்த்துப் பட்டியலைத் திரும்ப எழுதிவிடுகிறது. சுழலும் தட்டு வைத்த டிஸ்குகளில், பழைய எழுத்தின் மேலேயே வேறெதையாவது மேலெழுதினால்தான் தரவு உண்மையில் போகும். 1996-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு 35 முறை மேலெழுத வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய டிஸ்குகளுக்கு அது தேவையே இல்லை. முழு டிஸ்கையும் ஒருமுறை ஒழுங்காக மேலெழுதி, எழுதப்பட்டதா என்று சரிபார்த்தால் போதும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டியின் 2014 பதிப்பே இதைச் சொல்லிவிட்டது. உலகம் முழுவதும் இந்தத் துறையில் இருப்பவர்கள் கையில் வைத்திருப்பது அந்த வழிகாட்டியைத்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வந்த பிறகு கதை மாறிவிட்டது. அதில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்தச் செல்கள் தேய்ந்துபோகும் என்பதால், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்தை இடம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். நமக்குக் காட்டாமல் கொஞ்சம் இடத்தைக் கையிருப்பாகவும் வைத்திருக்கும். நாம் மேலெழுதினோம் என்று நினைக்கும் இடம் ஒன்று, பழைய எழுத்து கிடக்கும் இடம் வேறொன்று. ஆகவே அதற்குள்ளேயே இருக்கும் துடைப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாளிலிருந்தே முழு வட்டையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி வைத்திருந்து, கடைசி நாளில் சாவியை மட்டும் அழிக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. பத்து விநாடி வேலை. ஆனால் அந்தப் பத்து விநாடிக்கான ஏற்பாட்டை, கணினி உள்ளே வந்த நாளில் செய்திருக்க வேண்டும்.

வட்டை உடைத்துவிட்டால் போயிற்று என்பவர்களுக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பராமரிப்புப் பிரிவில் இருந்த தம்பி ஒருவர் துளையிடும் கருவியோடு வந்துவிட்டார். வீரமாக நாலைந்து எஸ்.எஸ்.டி.களை மேசைமேல் வைத்து நடுவில் ஓட்டை போட்டார். ஒன்றை மட்டும் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தேன். உறை உள்ளங்கை அளவு இருந்தாலும் உள்ளே இருந்த பச்சைப் பலகை அதில் பாதிகூட இல்லை. தரவு இருக்கும் நான்கு கறுப்புச் சில்லுகளும் ஓரமாக, துளிக் கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. துளை வெறும் காற்றில் விழுந்திருந்தது. தம்பியின் முகம் விழுந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வலிமையான காந்தத்தைக் காட்டி அழிக்கும் கருவிகளும் உண்டு. காந்தத் தட்டுக்கு அவை சரி, எஸ்.எஸ்.டி.க்கு அவை தாயத்து கட்டுவதற்குச் சமம். உடைப்பதென்றால் பொடியாக்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் இரகசியச் சேமிப்புச் சில்லுகளை 2 மில்லிமீட்டருக்குள் பொடிக்கச் சொல்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் ஓர் ஓட்டை போதாது.

இதெல்லாம் கணினியைப் பற்றி. கணினி என்று யாருமே நினைக்காத பொருள்களிடம்தான் நான் இன்னும் ஏமாந்துகொண்டிருந்தேன்.

ஜெராக்ஸ் எந்திரத்துக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் செய்தியாளர்கள், பயன்படுத்தித் தள்ளப்பட்ட நான்கு நகல் எந்திரங்களை ஒரு கிடங்கில் வாங்கி உள்ளிருந்த வட்டுகளைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள். இன்னொன்றில் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் நோயாளிப் பதிவுகள். குத்தகைக்கு எடுத்த எந்திரத்தைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக அந்த நிறுவனம் 2013-இல் 12,15,780 டாலர் கட்ட நேர்ந்தது. இதைப் படித்த அன்று எங்கள் நகல் எந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். அமைப்புகளில் ஆழமாகத் தோண்டினால், "ஒவ்வொரு பணிக்குப் பிறகும் வட்டில் மேலெழுது" என்று ஒரு வசதி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அணைத்தே கிடந்திருக்கிறது. அடையாள அட்டைகள், ஒப்பந்தங்கள், மருத்துவச் சான்றிதழ்கள், யாரோ வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், எல்லாம் அதன் வழியாகத்தான் போயிருந்தன.

அப்புறம் தேடத் தொடங்கினால் நிற்கவே இல்லை. கிளை அலுவலகத்தோடு இணைக்கும் ரவுட்டருக்குள் நுழைவுக் கடவுச்சொற்கள். மேசைத் தொலைபேசியில் வாடிக்கையாளர் எண்கள். கூட்ட அறையின் திரையில் யாரோ உள்நுழைந்துவிட்டு வெளியேறாமல் விட்ட மின்னஞ்சல் கணக்கு. கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி ஒன்று, இரண்டு டெராபைட் முகங்களோடு, பழைய காலண்டர்களுக்கு அடியில்.

பெரிய இடங்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் செல்வ மேலாண்மைப் பிரிவு, பழைய சர்வர்களையும் வட்டுகளையும் அப்புறப்படுத்தும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் ஏற்றியிறக்கும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்திருந்தது. அவற்றில் சில, தரவு துடைக்கப்படாமலேயே இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் தகவல்களைப் பாதுகாக்கத் தவறியதாகச் சொல்லி, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. எனக்கு இதில் ஆறுதல் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டிய பிறகுதான், அப்புறப்படுத்தும் வேலைக்கென்று தனியாக நிதி ஒதுக்கினார்கள். அதுவரை அது வரவுக் கணக்கில் இருந்தது. குப்பையைக் கொடுத்தால் காசு வரவேண்டும் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

அந்த எண்ணத்தில்தான் கோளாறே இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எடைக்கு வாங்குபவர் கெட்டவர் அல்லர், அவருடைய கணக்கு அப்படி. கணினியின் உள்ளே செம்பு, அலுமினியம், இரும்பு, தொடுமுனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு என்று காசாகும் சரக்கு கொஞ்சம் இருக்கிறது. மீதியெல்லாம் அவருக்குச் சுமை. பழைய குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம். எல்.இ.டி.க்கு முந்திய தட்டைத் திரைகளின் பின்னால், பென்சிலைவிட மெல்லிதான விளக்குக் குழல்களுக்குள் பாதரசம். அதை உடையாமல் கழற்ற ஓர் ஆள் அரை மணி உட்கார வேண்டும், கழற்றினால் கிடைப்பது ஒரு பைசாவுக்கும் பெறாத குழல். எடைக்குக் காசு கொடுத்து வாங்கியவர் எதற்காக உட்காரப் போகிறார்? செம்பை எடுப்பதற்குச் சீக்கிரமான வழி, கம்பியைக் குவித்துக் கொளுத்துவது. மேலே இருக்கும் பி.வி.சி. உறை எரிகிறபோது டயாக்சின் என்ற நச்சு கிளம்பும், அது கொளுத்துபவனின் நெஞ்சுக்குள்தான் முதலில் போகும். தங்கத்துக்கு அமிலம். மிஞ்சிய அமிலம் எங்கே ஊற்றப்படும் என்று சொல்லத் தேவையில்லை. சீனாவின் குய்யூவும் கானாவின் அக்போக்ப்லோஷியும் இப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்த பெயர்கள் ஆயின.

உலக அளவில் 2022-இல் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மற்றதும் எங்கோ யாரோ ஒருவரால் பிரிக்கப்படுகிறது, எரிக்கப்படுகிறது, புதைக்கப்படுகிறது. பதிவு இல்லை என்பதுதான் அங்கேயும் நோய்.

பச்சை இலைச் சின்னத்தை நான் நம்பாமல் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு, எம்.ஐ.டி. ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து ஒரு வேலை செய்தது. பழுதான பிரிண்டர், மானிட்டர் என்று சுமார் 200 பொருள்களுக்குள் இடங்காட்டும் கருவியை ஒளித்து வைத்து, அமெரிக்காவில் மறுசுழற்சிக்கென்று கொடுத்துவிட்டு, அவை எங்கே போகின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடல் கடந்திருந்தது, பெரும்பாலும் ஹாங்காங் பக்கம். சியாட்டிலில் நல்ல பெயரோடு இருந்த மறுசுழற்சி நிறுவனம் ஒன்று, பாதரசம் உள்ள தட்டைத் திரைகளை அங்கே அனுப்பியது அப்படித்தான் வெளிப்பட்டது. எதையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த அதன் உரிமையாளர்கள் இருவருக்கும் 2019-இல் 28 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1989-இல் உருவான பாசல் உடன்படிக்கையில், இந்தச் சங்கதிக்காகவே ஒரு திருத்தம் கொண்டுவந்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். ஆபத்தானது, ஆபத்தில்லாதது என்ற பாகுபாடு இல்லாமல், மின்னணுக் கழிவு எதுவானாலும் வாங்கும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. "இது கழிவு இல்லை, பழைய பொருள்" என்று பெட்டியின் மேல் எழுதி அனுப்பும் வித்தை இனியும் நடக்கும், அது வேறு விஷயம்.

டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களைப் பற்றி யாராவது இந்த இடத்தில் கட்டாயம் சொல்வார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளில் 78,985 டன் பழைய மின்னணுப் பொருள்களை மக்களிடம் திரட்டி, அதிலிருந்து 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். எல்லாரும் 32 கிலோவைப் பார்த்து வியக்கிறார்கள். நான் 78,985 டன்னைப் பார்க்கிறேன். பதக்கம் செய்த பிறகு மிஞ்சியதைப் பொறுமையாகக் கையாள ஆட்களும் முறையும் இருந்தனவே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறுசுழற்சியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் ஒரு லேப்டாப்புக்கு மறுசுழற்சி என்பது கடைசி மரியாதை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு லேப்டாப்பால் உண்டாகும் கரியுமிழ்வில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நாம் மின்சாரத்தை மிச்சம் பிடித்துச் சரிக்கட்டுவது மிகக் கொஞ்சம். இன்னும் இரண்டு ஆண்டு வேறொருவர் கையில் அது ஓடினால் அதுதான் பெரிய இலாபம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, எங்களிடம் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிய கணினிகள் 46. ஒன்றுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. செயலியின் தலைமுறை ஒன்று குறைந்ததுதான் குற்றம். லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் ஒரு பள்ளிப் பிள்ளைக்கோ சிறு அலுவலகத்துக்கோ இன்னும் ஐந்து வருடம் உழைக்கும்.

இங்கேயும் நான் ஒரு தவறு செய்தேன். புதுப்பித்து விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு 30 லேப்டாப்புகளை அனுப்பி வைத்தேன். இரண்டு நாளில் அழைப்பு. "மேடம், எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் எதுவும் எங்களுக்கு உதவாது." இயக்கினால் எங்கள் நிறுவனத்தின் சின்னத்தோடு, "பணியாளர் மின்னஞ்சலை உள்ளிடுக" என்று கேட்கிறதாம். தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்காக மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற சேவையில் பதிந்து வைத்திருந்ததை நான் விடுவிக்கவில்லை. வட்டைத் துடைத்தாலும் மாற்றினாலும் அது போகாது. இணையத்தில் இணைந்த அடுத்த நிமிடம், "நான் இன்னாருடைய பிள்ளை" என்று சொல்லிவிடும். நான்கில், இயக்கியவுடனேயே கேட்கும் பயாஸ் கடவுச்சொல் வேறு. அதை வைத்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு, நல்ல கணினியைக் கழிவாக்கும் பூட்டாகிவிட்டது. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாக விடுவித்தேன். அந்த நான்கில் ஒன்று கடைசிவரை திறக்கவில்லை. அது உதிரிப் பாகமாகப் போயிற்று.

வீட்டு அலமாரியில் ஆகட்டும், அலுவலக அறையில் ஆகட்டும், "இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பூட்டி வைப்பதையும் நான் இப்போது மன்னிப்பதில்லை. இரண்டு வருடம் பூட்டி வைத்த லேப்டாப்பின் பேட்டரி ஒன்று, பூரி போல உப்பி மேல்மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றதை எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "இது மூச்சுவிடுகிறது அம்மா" என்றார். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, கழற்றுகிறேன் என்று நெம்பவும் கூடாது. அதை அப்படியே மணல் போட்ட வாளியில் வைத்து வெளியே கொண்டுபோனோம். உப்பாத பேட்டரிகளுக்கும் முனைகளில் நாடா ஒட்டிய பிறகே பெட்டிக்குள் இடம். கழிவு லாரிகளில் தீப்பிடிப்பதற்கு இவை ஒன்றோடொன்று உரசுவது போதும். யு.பி.எஸ்.களின் ஈய-அமில பேட்டரிகளுக்கு வேறு பெட்டி, நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

சென்ற மாதம் அடுத்த சுமையை அனுப்பினோம். இம்முறை மூன்று நிறுவனங்களிடம் பேசினேன். "எப்போது எடுப்பீர்கள்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். நீங்கள் பிரித்த பிறகு பாதரசக் குழல் யாரிடம் போகிறது, பலகை எந்த உருக்காலைக்குப் போகிறது, அவர்கள் பெயரை எழுத்தில் கொடுப்பீர்களா என்று கேட்டேன். ஒருவர் "அது எங்கள் வியாபார இரகசியம்" என்றார். அவரோடு பேச்சு அத்தோடு முடிந்தது. இன்னொருவரிடம், மின்னணு மறுசுழற்சி நிறுவனங்களுக்குத் தரப்படும் ஆர்2 சான்று இருந்தது. ஆனால் அது வேறொரு கிளைக்கானது, எங்கள் பொருள் போகும் கிடங்குக்கு இல்லை. மூன்றாமவர், "ஒருநாள் வந்து பாருங்கள்" என்றார். போனேன். பொடிக்கும் எந்திரத்தின் வாயில் வட்டு விழுவதற்கு முன் ஒரு பெண் ஒவ்வொன்றையும் எடுத்து எண்ணை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். எந்திரம் பற்றி அவர்கள் சொன்னது ஒன்றும் எனக்கு நினைவில்லை. எண் படிக்காத ஒரு வட்டை அந்தப் பெண் தனியே எடுத்து வைத்து, ஒட்டுத்தாளைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்ததைப் பார்த்தேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நாங்கள்தான் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் பிரிவு மூத்தவர் கையெழுத்திடும்போது பேனாவை ஒருமுறை நிறுத்தி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

லாரி வந்த நாளில் என் பட்டியலில் 212 எண்கள். வாசலில் நின்று அவர்களுடைய ஆள் ஸ்கேன் செய்துகொண்டே வந்து, "211 மேடம்" என்றார். மறுபடி எண்ணினோம். 211. முன்பு என்றால் "ஒன்றுதானே" என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். லாரியை நிறுத்தி வைத்துவிட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டோம். இல்லாதது ஓர் உதிரி ஹார்டு டிஸ்க், மூன்று வருடத்துக்கு முன் கணக்குப் பிரிவில் பழுதென்று கழற்றியது. கிடங்கு அண்ணன் அலமாரிகளைக் குடைந்தார். தம்பி பழைய பெட்டிகளைக் கவிழ்த்தார். நான் ஒவ்வொரு மேசையாகப் போனேன்.

மூத்தவரின் மேசையில் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த ரசீதுக் கட்டின் மேல் அது இருந்தது. வெள்ளி நிறம், ஓரத்தில் தேநீர்க் கறை.

"இதுவா?" என்றார் அவர். "காகிதம் பறக்காமல் இருக்க எடைக்கு வைத்திருந்தேன் அம்மா."

எடுத்துத் திருப்பி எண்ணைப் படித்தேன். சரியாக இருந்தது. ரசீதுகள் பறக்காமலிருக்க அவர் உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.